நாய் பூச்சி மருந்தும் எலிக் கூண்டில் நடந்ததும்

நீளமான இழை இது. அவசரம் இல்லாதப்போ படிங்க.

நாய்க்குக் கொடுக்கிற பூச்சி மருந்து கேன்சரைக் குணமாக்கும், அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமே எலியில் இதை நிரூபித்துவிட்டது, மருந்து கம்பெனிகள் மறைக்கிறார்கள். இந்த ரீதியில் ஒரு செய்தி வீடியோவாகவும் வாய்ஸ் நோட்டாகவும் பல வருஷமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. மருந்தின் பெயர் ஃபென்பெண்டசோல்.

"அதெல்லாம் பொய், நம்பாதீங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் அப்படி முடித்தால் வேலைக்கு ஆகாது. ஏன்னா அந்த ஆய்வுக் கட்டுரை நிஜமாகவே இருக்கு. 2008ல் வந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இருந்துதான் வந்தது. எலியின் உடம்பில் கட்டி சரியாக வளரவில்லை என்பதும் உண்மை. கூகுள் பண்ணிப் பார்க்கிறவருக்கு கட்டுரை கிடைத்துவிடும். உடனே "அப்போ டாக்டர்தான் மறைக்கிறார்" என்று முடிவு கட்டிவிடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

அதனால கட்டுரைக்குள்ளேயே போவோம். கேன்சருக்கு மருந்து தேடிப் போனவர்கள் எழுதியதில்லை அது. ஆராய்ச்சி எலிகளின் குடலில் இருந்த பூச்சிக்கு வைத்தியம் பார்க்கப் போய், அதில் மாட்டிக்கொண்டவர்கள் எழுதியது.

முதலில் அந்தப் பூச்சியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லணும்.

ஆராய்ச்சிக்கூடத்து எலி என்றால் பெரும்பாலும் சுண்டெலி. அதன் பெருங்குடல் பக்கம் குடியிருக்கும் பூச்சிகளில் இரண்டு ரொம்ப பிரபலம். ஒன்று சைஃபேசியா ஆப்வெலேட்டா. இன்னொன்று ஆஸ்பிகுலூரிஸ் டெட்ராப்டெரா. பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். நம்ம பிள்ளைகளுக்கு ராத்திரி நேரத்தில் ஆசனவாயில் அரிப்பு எடுக்க வைக்குமே, வெள்ளை நூல் மாதிரி இருக்கும் கீரிப்பூச்சி, அதன் சொந்தக்காரங்கதான் இவை.

பழக்கமும் கிட்டத்தட்ட அதேதான். சைஃபேசியாவின் பெண் பூச்சி வெளியே வந்து ஆசனவாயைச் சுற்றி முட்டை வைக்கும். பிள்ளைகளுக்குக் காலையில் கழுவிவிடும் முன்னாடி செலோடேப்பை ஒட்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்கிறோம் இல்லையா, எலிக்கும் அதே செலோடேப் பரிசோதனைதான். ஆஸ்பிகுலூரிஸ் அப்படி வெளியே வராது. முட்டை புழுக்கையோடு வரும். டேப் மட்டும் ஒட்டிப் பார்த்துவிட்டு "எங்க எலிக்கு பூச்சி இல்லை" என்று சொல்கிற இடத்தில் இது சத்தமில்லாமல் குடியிருக்கும்.

சைஃபேசியா முட்டை சில மணி நேரத்திலேயே அடுத்த எலிக்குத் தொற்றத் தயாராகிவிடும். எடை குறைவு, ஒட்டும் தன்மை. தூசியோடு பறக்கும், கூண்டில் ஒட்டும், கையுறையில் ஒட்டும், படுக்கைக்குப் போடும் மரத்தூளில் கிடக்கும். ஒரு அறையில் வந்தால் பக்கத்து அறைக்கு வர ரொம்ப நாள் ஆகாது.

இதில் வேடிக்கை, எலியைப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. சாப்பிடும், ஓடும், குட்டி போடும். பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது. அறிகுறி இல்லாத தொற்று மருத்துவமனையில் எங்களுக்கு நிம்மதி. ஆராய்ச்சிக்கூடத்தில் அதுதான் தலைவலி. ஏனென்றால் யாருக்கும் தெரியாமல் அது முடிவை மாற்றிவிடும்.

ஆயிரக்கணக்கான எலிகளுக்கு ஒவ்வொன்றாகப் பிடித்து மருந்து கொடுப்பது நடக்கிற காரியம் இல்லை. அதனால் தீவனத்திலேயே பூச்சி மருந்தைக் கலந்துவிடுவார்கள். அதற்கு உலகம் முழுக்க அதிகம் பயன்படுவது இந்த ஃபென்பெண்டசோல். கொடுப்பது சுலபம், எலிக்குப் பெரிய பக்கவிளைவும் இல்லை.

இப்போ 2008 கதைக்கு வருவோம்.

அங்கே ஒரு வழக்கமான பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. பிறவியிலேயே டி செல், பி செல் இரண்டும் இல்லாத எலிகள், அதாவது எதிர்ப்பு சக்தி அறவே குறைந்த ஒரு ரகம். அதன் தோலுக்கடியில் மனிதனின் லிம்போமா (நிணநீர்ப் புற்று) செல்களை ஊசியில் செலுத்தினால் கட்டி வளரும். பழகிப்போன முறை, எப்பவும் வளரும். ஒரு சமயம் வளரவில்லை.

என்ன மாறியது என்று தேடினார்கள். எலிகளுக்குப் பூச்சி மருந்து கலந்த தீவனம் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் தோண்டினால் இன்னொரு விஷயம் கிடைத்தது. அந்தத் தீவனம் ஆட்டோகிளேவில் வைத்து சுத்திகரிப்பதற்காகத் தயாரித்த ரகம். நீராவிச் சூட்டில் வைட்டமின் வீணாகும் என்பதால் முன்கூட்டியே கூடுதலாகச் சேர்த்திருப்பார்கள். ஆனால் அந்த முறை ஆட்டோகிளேவ் பண்ணவில்லை. கூடுதல் வைட்டமின் அப்படியே இருந்துவிட்டது.

சரி, எது காரணம்? 20 எலிகளை வாங்கி நாலு குழுவாகப் பிரித்தார்கள். சாதாரணத் தீவனம், பூச்சி மருந்து மட்டும், வைட்டமின் மட்டும், இரண்டும் சேர்த்து. தீவனத்தைக் கொடுக்க ஆரம்பித்து 2 வாரம் கழித்து, ஒவ்வொரு எலிக்கும் 3 கோடி லிம்போமா செல்கள்.

முடிவு: பூச்சி மருந்து மட்டும் சாப்பிட்ட குழுவில் கட்டி சாதாரணமாக வளர்ந்தது. வைட்டமின் மட்டும் சாப்பிட்ட குழுவிலும் வளர்ந்தது. இரண்டும் சேர்ந்த குழுவில் மட்டும் வளர்ச்சி குறைந்தது.

கட்டுரையை எழுதியவர்கள் கடைசியில் என்ன சொன்னார்கள் தெரியுமா? ஏன் இப்படி ஆகிறது என்று தெரியவில்லை, மேலும் ஆராயணும். கட்டி பற்றிய ஆராய்ச்சி நடக்கும் இடத்தில் எலிக்கு ஃபென்பெண்டசோல் கொடுக்கும்போது கவனமாக இருங்கள், முடிவைக் குழப்பிவிடும். இவ்வளவுதான். எலிக் கூடம் நடத்துகிறவர்களுக்கு எழுதிய எச்சரிக்கை அது. அதை எடுத்துத்தான் நாலாம் கட்ட கேன்சர் நோயாளிக்கு மருந்துச்சீட்டாக மாற்றியிருக்கிறார்கள்.

வீடியோவில் சொல்லாமல் விட்டதை எல்லாம் இப்போ பாருங்க.

ஒரு குழுவுக்கு 5 எலி. எங்க ஓபியில் காலை எட்டு மணிக்கு டோக்கன் வாங்கி நிற்கிறவர்களே இதைவிட பத்து மடங்கு இருப்பாங்க.

அந்த எலிக்கு எதிர்ப்பு சக்தி கிடையாது. உங்க வீட்டு நோயாளிக்கு உண்டு.

மருந்தைக் கட்டி வருவதற்கு 2 வாரம் முன்பே கொடுக்க ஆரம்பித்தார்கள். ஏற்கெனவே வளர்ந்து நிற்கும் கட்டியைக் கரைக்க முடியுமா என்ற கேள்வியே அங்கே கேட்கப்படவில்லை.

எல்லாத்துக்கும் மேல, வீடியோ எந்த மருந்தைப் புகழ்கிறதோ அந்த மருந்து தனியாக ஒன்றும் செய்யவில்லை. அதே கட்டுரையில், அதே பக்கத்தில் இருக்கு.

2013ல் யேல் பல்கலைக்கழகத்தினர் இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்தார்கள். இன்னொரு வகை எலி, இன்னொரு வகைக் கட்டி. தீவனத்தில் கொடுத்தார்கள், ஊசியாகவும் கொடுத்தார்கள், கதிர்வீச்சோடு சேர்த்தும் பார்த்தார்கள். எலி உடம்பில் கட்டியின் வளர்ச்சி மாறவில்லை. ஃபென்பெண்டசோலால் புற்றுநோய் சிகிச்சைக்குப் பயன் உண்டு என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று எழுதிவிட்டு, இந்த மருந்துக் குடும்பத்தை மேலும் ஆராயலாம் என்றும் சேர்த்திருந்தார்கள். அந்தக் கட்டுரைக்கு யாரும் வீடியோ போடவில்லை.

நியாயமாகப் பேசணும் என்றால் இதையும் சொல்லணும். இந்தக் குடும்பத்து மருந்துகள் (நாம் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அல்பெண்டசோல், மெபெண்டசோல் எல்லாம் இதே குடும்பம்) பூச்சியின் செல்லுக்குள் இருக்கும் டியூபுலின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். செல் இரண்டாகப் பிரிய அந்தப் புரதம் வேணும். கேன்சருக்கு நாங்கள் கொடுக்கும் வின்கிரிஸ்டின் போன்ற சில மருந்துகளும் டியூபுலினைத்தான் தாக்குகின்றன. அதனால் இந்த யோசனை முட்டாள்தனமானது இல்லை. மெபெண்டசோலை மனிதர்களிலேயே முறைப்படி சோதித்துப் பார்க்கவும் ஆரம்பித்திருக்கிறார்கள். யோசனை நல்லா இருக்கு என்பதும் மருந்து வேலை செய்யுது என்பதும் வேற வேற. நடுவில் பல வருஷ சோதனை இருக்கு.

இந்த அலை பெரிதாகக் கிளம்பியது அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு நுரையீரல் புற்று நோயாளி, தனக்கு இதனால் குணமானது என்று சொன்ன பிறகு. அவர் அதே சமயத்தில் இம்யூனோதெரபி மருந்துக்கான ஒரு சோதனையிலும் இருந்தார் என்ற தகவல் பாதி வீடியோக்களில் வராது. 2019ல் தென் கொரியாவில் இது காட்டுத்தீயாகப் பரவி, அந்த நாட்டு அரசே சாப்பிடாதீர்கள் என்று அறிவிக்க வேண்டி வந்தது. ஜப்பானில் 80 வயதுப் பெண்மணி ஒருவர், நுரையீரல் புற்றுக்கு சிகிச்சையில் இருந்தவர், சமூக ஊடகத்தில் பார்த்து ஃபென்பெண்டசோல் சாப்பிட்டு கல்லீரல் பாதிக்கப்பட்டது 2021ல் மருத்துவ இதழில் வந்தது. மருந்தை நிறுத்திய பின் கல்லீரல் சரியானது. கட்டி சுருங்கவில்லை.

நம்ம பக்கம் மட்டும் வராமல் இருக்குமா. வாய்ப்புற்றுக்குக் கதிர்வீச்சு சிகிச்சைக்குத் தேதி வாங்கியிருந்த ஒரு அண்ணன் மூணு வாரம் காணோம். வந்தப்போ என்ன ஆச்சு என்று கேட்டேன். பையிலிருந்து நாய்ப் படம் போட்ட அட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். "எலிக்கு சரியாயிடுச்சாம் சார்" என்றார். திட்டவில்லை. இந்த நாலு குழு கதையைத்தான் பேப்பரில் வரைந்து காட்டினேன். திரும்பச் சிகிச்சைக்குப் போனார். போன மூணு வாரம் போனதுதான்.

"எலிக்கு சரியாயிடுச்சாம்." இந்த வார்த்தையைப் பற்றித்தான் மீதி இழை.

நான் சாதாரண எம்பிபிஎஸ். அரசு மருத்துவமனையில் ஓபி பார்க்கிறவன். எலி ஆராய்ச்சி என் வேலை இல்லை. ஆனால் எலியில் சொன்னதை வைத்துத்தான் நாளைக்கு எனக்கு மருந்து வரும், என் நோயாளிக்கு நம்பிக்கையும் வரும், வதந்தியும் வரும். அதனால் எனக்கு ஒரு கருத்து உண்டு. எலியில் நிரூபணம் என்று யார் சொன்னாலும், அந்த எலியின் குடலில் என்ன இருந்தது என்று கேட்காமல் அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. நோயாளி மட்டுமில்லை, டாக்டர்களும்தான்.

மிகைப்படுத்துகிறேன் என்று தோணலாம். சில சம்பவங்கள் சொல்றேன்.

1975லேயே வந்த ஒரு கட்டுரை. மூட்டுவாதத்தைப் பற்றி ஆராய பெரிய எலிகளுக்கு (இது சுண்டெலி இல்லை) செயற்கையாக மூட்டு வீக்கத்தை வரவழைப்பார்கள். சைஃபேசியா பூச்சி இருந்த எலிகளில் அந்த மூட்டுவாதம் குறைவாக வந்தது. யோசிச்சுப் பாருங்க. அந்தச் சமயம் யாராவது ஒரு மூட்டுவலி மருந்தைச் சோதித்திருந்தால்? பூச்சி செய்த வேலைக்கு மருந்து பெயர் வாங்கிக்கொண்டு போயிருக்கும்.

குடலில் இருக்கும் பூச்சி மூட்டை என்ன செய்யும்? தன்னை வெளியே தள்ளாமல் இருக்க, உடம்பின் எதிர்ப்பு சக்தியைத் தட்டிக்கொடுத்து அடக்கி வைப்பது பல குடல் பூச்சிகளின் பிழைப்பே. அந்த அடக்கம் குடலோடு நிற்காது. ரத்தத்தில் போகும் செல்களும் சமிக்ஞைகளும் மாறும். அலர்ஜி, தடுப்பூசிக்கு வரும் எதிர்வினை, தன் உடம்பையே தாக்கும் நோய்கள் எல்லாமே அந்த மண்டலத்தைத்தான் நம்பியிருக்கு.

இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்த கதை. 2016ல் ஹார்வர்டில் இருந்து வந்தது. குடலின் உள்சுவரில் டஃப்ட் செல் என்று ஒன்று உண்டு. பல வருஷமாக மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தாலும் எதற்கு இருக்கிறது என்று சரியாகத் தெரியாமல் இருந்த செல். தங்கள் கூடத்தில் பிறந்து வளர்ந்த எலிகளில் இந்த செல் நிறைய இருப்பதையும், வெளியிலிருந்து விலைக்கு வாங்கிய எலிகளில் குறைவாக இருப்பதையும் அவர்கள் கவனித்தார்கள். இரண்டும் ஒரே ரகம். பிறகு எப்படி?

வித்தியாசத்தைத் தேடிப் போனால், கூடத்து எலிகளின் குடலில் ட்ரைட்ரைகோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. நோய் எதுவும் தராது என்று பெரிதாகக் கண்டுகொள்ளப்படாத உயிரி. அதை மோப்பம் பிடித்துத்தான் டஃப்ட் செல்கள் பெருகியிருந்தன. மோப்பம் பிடிக்கப் பயன்படுத்தும் கருவி என்ன தெரியுமா, நாக்கில் சுவை அறியப் பயன்படும் அதே ரக மூலக்கூறுகள். குடல் ஒட்டுண்ணியைச் "சுவைத்து" உஷாராகிறது. அதே வருஷம் வேறு இரண்டு குழுக்களும் குடல் புழுக்களை வைத்து இதே செல்லிடம் வந்து சேர்ந்தன.

இவர்கள் தேடிப் பார்த்ததால் கண்டுபிடிப்பு. தேடாமல் விட்டிருந்தால்? "எங்க எலிக்கு இப்படி வருது, உங்க எலிக்கு வரலையே" என்று இரண்டு ஆய்வகங்கள் வருஷக்கணக்கில் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். அதே உயிரிக் குடும்பத்தைப் பற்றி நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் ஆய்வாளர்களும் 2016ல் எழுதினார்கள். அது இருக்கும் எலிக்கு சால்மோனெல்லா கிருமி தொற்றினால் பாதிப்பு குறைகிறது. ஆனால் பெருங்குடல் அழற்சியை உண்டாக்கிப் பார்த்தால் அது மோசமாகிறது. ஒரே ஒட்டுண்ணி, ஒரு கேள்விக்கு நல்லவன், இன்னொரு கேள்விக்கு வில்லன்.

சரி டாக்டர், அப்போ எல்லா எலியையும் சுத்தமா வெச்சுட்டா பிரச்சினை தீர்ந்ததா? பல காலம் அப்படித்தான் நினைத்தார்கள். குறிப்பிட்ட கிருமிகள் எதுவும் இல்லாத எலி, வடிகட்டிய காற்று, சுத்திகரித்த தீவனம். ஆராய்ச்சியைத் திரும்பச் செய்தால் அதே முடிவு வரணும் என்பதற்கு இது ரொம்ப உதவியது. மறுக்கவில்லை.

ஆனால் 2016ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தினர் இந்தச் சுத்தமான எலியின் எதிர்ப்பு மண்டலத்தை எடுத்துப் பார்த்தபோது, அது வளர்ந்த மனிதனுடையதை விட இப்போதுதான் பிறந்த குழந்தையுடையதைப் போலவே இருந்தது. வளர்ப்புப் பிராணிக் கடையில் விற்கும் எலியோடு ஒரே கூண்டில் விட்டார்கள். சில எலிகள் நோய் வந்து செத்துப்போயின. பிழைத்தவற்றின் எதிர்ப்பு மண்டலம் வளர்ந்த மனிதனுடையதை நெருங்கியது. அதே வருஷம் இன்னொரு குழு, எலிகளுக்கு இரண்டு ஹெர்பிஸ் வைரஸ், ஃப்ளூ, கூடவே ஒரு குடல் புழு என்று வரிசையாகத் தொற்ற வைத்துவிட்டு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டது. சுத்தமான எலிக்கு வந்த அளவு ஆன்டிபாடி இவற்றுக்கு வரவில்லை.

பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் 2018ல் செய்தது எளிமையானது. ஆய்வக எலிகளை வேலி போட்ட வெளிப்புற நிலத்தில் விட்டார்கள். மண், புல், மழை. அந்த எலி ரகம் ஆய்வகத்தில் சாட்டைப் புழுவை நன்றாக விரட்டக்கூடியது. வெளியே இருந்த கொஞ்ச நாளிலேயே அதே ரகத்துக்குப் புழு அதிகமாக ஒட்டிக்கொண்டது. மரபணு மாறவில்லை. முகவரி மட்டும்தான் மாறியது.

இதெல்லாம் கல்லூரிச் சண்டை, நமக்கென்ன என்று நினைக்காதீங்க. 2006 மார்ச்சில் லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில் டிஜிஎன்1412 என்ற புது மருந்தை ஆறு ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஏற்றினார்கள். எலிகளில் இந்த வகை மருந்து எதிர்ப்பு சக்தியை அமைதிப்படுத்தியது. குரங்குகளிலும் பிரச்சினை காட்டவில்லை. மனிதர்களில் சில மணி நேரத்துக்குள் ஆறு பேருக்கும் உறுப்புகள் செயலிழந்து ஐசியு. நல்லவேளை, உயிர் பிழைத்தார்கள். 2019ல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தினர், ஆய்வக எலியின் கருவைக் காட்டுச் சுண்டெலியின் வயிற்றில் வளர்த்துப் பிறக்க வைத்த எலிகளில் இதே வகை மருந்தைச் சோதித்தார்கள். தாயிடமிருந்து இயற்கையான நுண்ணுயிர்களை வாங்கிக்கொண்டு பிறந்த குட்டிகள். சுத்தமான எலிக்கு வந்த அமைதி இவற்றுக்கு வரவில்லை. மனிதர்களுக்கு ஆனது போல ரத்தத்தில் அழற்சி ஏறியது. 2006க்கு முன் இப்படிப்பட்ட எலி யாரிடமும் இல்லை.

எங்க வார்டில் படுத்திருக்கிறவர் கண்ணாடிக் கூண்டில் வளர்ந்தவர் இல்லை. வயலில் வெறுங்காலோடு நடந்தவர். சின்ன வயசில் பூச்சி இருந்திருக்கும், டைஃபாய்டு வந்திருக்கும், காசநோய்க் கிருமி நுரையீரலில் தூங்கிக்கொண்டிருக்கலாம். ஈக்வடாரில் வயிற்றில் நாக்குப்பூச்சி இருந்த பிள்ளைகளுக்கு முதலில் அல்பெண்டசோல் கொடுத்து, பிறகு வாய்வழி காலரா தடுப்பு மருந்து கொடுத்தார்கள். பூச்சி மருந்து கொடுக்காத பிள்ளைகளைவிட நல்ல எதிர்வினை வந்தது. 2000ல் வந்த ஆய்வு. பூச்சி உள்ள உடம்பும் பூச்சி இல்லாத உடம்பும் ஒரே மருந்துக்கு ஒரே பதிலைச் சொல்வதில்லை. கூண்டில் தெரிந்த விஷயம் பிள்ளைகளிலும் தெரிந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு "அப்போ பூச்சி இருந்தால் அலர்ஜி வராது, மூட்டுவாதம் வராது, நல்லதுதானே" என்று யாராவது கிளம்புவார்கள். ஏற்கெனவே கிளம்பியிருக்கிறார்கள். எலியில் பல குடல் புழுக்கள் குடல் அழற்சியைக் குறைத்தன. அதை நம்பி பன்றியின் சாட்டைப் புழு முட்டைகளைக் க்ரோன்ஸ் நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். 2005ல் வந்த சிறிய ஆய்வுகள் பிரமாதம். 2013ல் பெரிய சோதனை முடிந்தபோது, முட்டை குடித்தவர்களுக்கும் வெறும் தண்ணி மருந்து குடித்தவர்களுக்கும் சொல்லிக்கொள்கிற மாதிரி வித்தியாசம் இல்லை. மறுபடியும் எலிக்கு சரியான கதை.

பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரையைத் தயவுசெய்து பிள்ளைகளுக்குப் போட விடுங்க. கொக்கிப்புழு ஒன்று, எந்த வகை என்பதைப் பொறுத்து, நாளைக்கு 0.03 மில்லியிலிருந்து 0.2 மில்லிக்கு மேல் வரை ரத்தம் குடிக்கும். ஒன்று என்றால் கணக்கில்லை. நூறு இருந்தால் ஏற்கெனவே ரத்தம் குறைவாக இருக்கும் பொம்பளைப் பிள்ளைக்கு மிச்சம் என்ன இருக்கும்? இதற்கு எலி ஆதாரம் தேவையில்லை. ஹீமோகுளோபின் ரிப்போர்ட்டில் தினமும் பார்க்கிறோம்.

இதில் என் நிலைப்பாடு என்ன? எலி ஆராய்ச்சியே வேண்டாம் என்கிற ஆள் நான் இல்லை. எலி இல்லாமல் இன்று நாங்கள் எழுதும் பாதி மருந்து இல்லை. எல்லா எலிக்கும் பூச்சியை ஏற்றிவிடுங்கள் என்றும் சொல்லவில்லை. எலியின் ரகம், வயசு எழுதுகிற மாதிரி, குடலில் எந்த ஒட்டுண்ணி இருந்தது, எதற்குப் பரிசோதித்தார்கள், டேப் ஒட்டினார்களா புழுக்கையைப் பார்த்தார்களா, தீவனத்தில் என்ன மருந்து எத்தனை நாள் கலந்திருந்தது என்பதையும் கட்டுரையில் எழுதணும். விலங்கு ஆய்வுகளை எப்படி எழுதணும் என்று 2010ல் வந்த அரைவ் வழிகாட்டுதலே எலியின் உடல்நிலையைக் குறிப்பிடச் சொல்கிறது. கேட்கிற இடத்தில் கேட்டால்தான் எழுதுவார்கள். "நோய்க்கிருமி இல்லாத எலிகள்" என்று ஒரே வாக்கியத்தில் தாண்டிப் போகும் கட்டுரையைப் பார்த்தால் எனக்கு, "வேற பிரச்சினை எதுவும் இல்லை" என்று மட்டும் எழுதி ரெஃபர் பண்ணிய கேஸ் ஷீட் ஞாபகம்தான் வரும்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழுவை இதற்காகவே பாராட்டுவேன். கட்டி வளரவில்லை என்றதும் புது மருந்து கண்டுபிடித்துவிட்டோம் என்று துள்ளவில்லை. தீவன மூட்டையைத் திருப்பிப் பார்த்தார்கள். ஆட்டோகிளேவ் போடாமல் விட்டதைக்கூட மறைக்காமல் எழுதினார்கள். அவ்வளவு நேர்மையாக எழுதிய கட்டுரைக்கு இந்தக் கதி.

செய்தி போடுகிற நண்பர்களுக்கும் ஒன்று. 2019ல் ஒரு விஞ்ஞானி ட்விட்டரில் தனியாக ஒரு கணக்கே ஆரம்பித்தார். மருத்துவச் செய்திகளைப் பகிர்ந்து, மேலே "எலிகளில்" என்று மட்டும் எழுதுவார். வேறு ஒன்றும் கிடையாது. நம்ம தொலைக்காட்சிகளும் யூட்யூப் சேனல்களும் தலைப்பில் அந்த ஒரு சொல்லைச் சேர்த்தால் எங்க ஓபியில் பாதி விளக்கம் மிச்சம்.

இப்போ கமெண்டுக்கு வரப்போகும் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில்.

வீட்டில் யாராவது ஃபென்பெண்டசோல் சாப்பிட்டுக்கொண்டிருந்தால்: பயந்து மறைக்காதீங்க. சிகிச்சை பார்க்கும் டாக்டரிடம் எவ்வளவு, எத்தனை நாள் என்று சொல்லிடுங்க. கல்லீரல் பரிசோதனை ஒன்று எடுத்துப் பார்க்கணும். கீமோ, கதிர்வீச்சு தேதியை இதற்காகத் தள்ளிப் போடாதீங்க.

நாய்க்கு வாங்கியது மிச்சம் இருக்கு என்றால்: நாய்க்குக் கொடுங்க.

கமெண்டில் ஆய்வு லிங்க் போடுகிறவர்கள், எத்தனை எலி, எந்த ரகம், கட்டி வருவதற்கு முன் கொடுத்தார்களா பின் கொடுத்தார்களா என்று பார்த்து அதையும் சேர்த்துப் போடுங்க. இன்னைக்கு நைட் டூட்டி. நாளைக்கு மதியத்துக்கு மேல் ஒவ்வொன்றாகப் படித்துப் பதில் எழுதறேன்.